நாற்பத்தோராம் பலகை

இல்லை, அந்தப் பலகையைத் தேடி நான் போகவில்லை. அது என் கைக்கு வந்தது, அப்பா.

விரல்களில் இன்னும் பைன் பிசின் மணம். லா சப்பல் கடைத்தெருவில், வேலை முடிந்து நீங்கள் பிளேன்டீ குடித்துவந்த கடையில் இருக்கிறேன். முன்னால் ஒரு படிவம்.

இத்தாலி எல்லையில், மலைக் கணவாயில் இருந்த எல்லைக் காவலரின் பழைய மரச் சாவடி. பாதையை அகலமாக்குகிறார்கள். அதனால் சாவடியைக் கழற்றி, கீழே ஊருக்குள் அப்படியே திரும்பப் பொருத்திப் பூட்டப் போகிறோம். ஒவ்வொரு பலகைக்கும் ஓர் எண். கழற்றும் குழுவில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவள் நான் மட்டும்.

அந்தச் சாவடிக்காகத்தானே பழைய கட்டடங்களைக் காக்கும் இந்தப் படிப்புக்கே போனேன்.

சித்தப்பாவின் நினைவு நாளில், கார்ஜ் ஊரில் உங்கள் தங்கச்சி, என் மாமி வீட்டில், வருடா வருடம் சொல்வீர்கள்: “தம்பி சாவடியிலை பிடிபட்டிட்டான். நான் பின்னாலை காட்டுக்கை. ரெண்டு நாள் பனியுக்கை தேடினனான்.”

“ஆர் நிப்பினம் அப்பிடி?” என்பா மாமி. முதல் சோறு உங்களுக்கு. நீங்கள் சாப்பிட்டீர்கள். திருப்பி அனுப்பப்பட்ட சித்தப்பா வன்னியில் செத்துப்போயிருந்தார்.

பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று பிரெஞ்சில் சொன்னேன்: என் அப்பா பனியில் தம்பியைத் தேடினார். ஒன்பது வயது. வகுப்பே கைதட்டியது.

போன வருடம், நீங்கள் போய்ச் சேர்வதற்கு முன், ஆஸ்பத்திரிக் கட்டிலில் கேட்டீர்கள்: “உள்பக்கப் பலகையளையும் கொண்டு வருவியளோ?”

“ஓம் அப்பா. எல்லாம்.”

“உக்கி உளுத்ததுகளை எறிஞ்சு விடுங்கோ, பிள்ளை.”

என் வேலையில் அக்கறை என்று நினைத்தேன். உள்ளே போகாதவருக்கு உள்பலகை எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை.

நாற்பத்தோராம் பலகை உக்கவில்லை. பிடிபட்டவர்களை இருத்தும் வாங்குக்குப் பின்னால், பென்சிலில்:

‘நானும் அண்ணையும் இஞ்சை ஒரு இரவு. சொல்லி வைச்ச மாதிரி ஆளை ஆள் தெரியாது எண்டிட்டம். விடிய அவரை விட்டிட்டாங்கள். திரும்பிப் பாக்கேல்லை.’

கீழே சித்தப்பாவின் பெயர். ஊர்.

தெரியாது என்றது சரி. அந்த வழியால் வந்த எல்லோரும் அப்படித்தான் பேசி வைத்துக்கொண்டு வந்தார்கள். ஒன்றாக வந்தவர்கள் என்று தெரிந்தால் இரண்டு பேரையும் திருப்பிவிடுவார்கள். திரும்பிப் பார்க்காததும் அதற்காகத்தான் இருக்கும். அதையெல்லாம் நான் மன்னிக்க வேண்டியதில்லை. அது உங்கள் இருவருக்கும் இடையில்.

அந்த இரண்டு நாள் பனி? அதை எங்களுக்கு ஏன் தந்தீர்கள்?

நேற்று மாமி போன் எடுத்தா. “எடி, உன்ரை கொட்டில் இடிச்சு முடிஞ்சுதோ?”

“இடிக்கேல்லை மாமி. கழட்டிறம்.”

“பெரிய வித்தியாசம். என்ரை அண்ணை பனியுக்கை நிண்ட இடமெண்டு ஒரு போர்ட் போடச் சொல்லு.”



சாவடியில் வைக்கப் போகும் போர்டுக்குத்தான் இந்தப் படிவம். ‘எழுத்து இருந்தால் மொழிபெயர்க்கவும்.’ வாசிக்க முடியவில்லை என்று எழுதினால் போதும். சரிபார்க்க யாரும் இல்லை. நீங்கள் மாமி வீட்டில் பனியில் நின்றுகொண்டே இருக்கலாம். சித்தப்பா அந்த வாங்கில் யாருமில்லாமல் இருப்பார்.

தேநீர் ஆறிவிட்டது. உங்களைப் போலச் சீனியைக் கலக்காமல் அடியில் விட்டிருக்கிறேன். அந்தப் பழக்கம் என்னிடம் இருக்கும்.

எழுதியிருந்ததை ஒரு சொல் விடாமல் பிரெஞ்சில் எழுதினேன். கையெழுத்து வைத்தேன். போர்ட் ஏறுவதற்கு முன் மாமிக்கு வாசித்துக் காட்ட, கார்ஜுக்கு ரயில் எடுத்தேன்.