வெல்டர் மீது நான் விதித்த தடை

வீட்டை ஆளும் மகாராணிக்கு,

கடல் தாண்டியும் உனக்கே அடங்கியவன் எழுதுவது. நீயும் பிள்ளைகளும் நலந்தானே? உன் முழங்கால் வலி தேவலையா? யாரும் நம்பாத கதை ஒன்றைச் சத்தியம் செய்து சொல்கிறேன்.

நம் நாடு இந்த நாட்டின் மேல் பொருளாதாரத் தடை போட்ட பிறகும் கடிதம் போகிறது, வருகிறது. பார்சல் மட்டும் வருவதில்லை. ஆனால் என்னோடு தங்கியிருக்கும் வெல்டரின் குடும்பம் இருப்பது தடையில் சேராத நாட்டில். போன வாரம் அவன் மனைவி பின்னிய கம்பளிச் சட்டை வந்தது. அதை மாட்டிக்கொண்டு அவன் உலாத்தியபோது என் வயிற்றில் எரிந்த தீயில் ஒரு நகரத்துக்கே சமைத்திருக்கலாம்.

உடனே நானும் தடை விதித்தேன். என் கெட்டிலை அவன் தொடக் கூடாது. கண்டங்கள் நடுங்கின; வெல்டர் நடுங்கவில்லை. எதிர் அறை எலக்ட்ரீஷியனோடு டீ குடித்துச் சிரித்தான். நான் என் கெட்டிலோடு தனியாகக் குடித்தேன்.

நேற்று அவனே வந்தான்.

"மாமா, தடை எப்ப முடியும்?"

"நீ அந்தச் சட்டையக் கழட்டுற அன்னைக்கு."

"அட, இதுக்கா? அக்காவ ஒரு சட்டை பின்னி எங்க வீட்டுக்கு அனுப்பச் சொல்லுங்க. என் பொண்டாட்டி இங்க அனுப்பிடுவா."

அவன் வீட்டு விலாசம் பின்பக்கம் இருக்கிறது. நீ பின்னிய சட்டை ஒன்று அனுப்பு. கோணலானாலும் பரவாயில்லை, அவனுடையதைவிட ஒரு விரல் நீளமாக இருக்கட்டும்.

கம்பெனி வண்டி ஹாரன் அடிக்கிறது. நடுங்கிய கண்டங்களை நம்பாதே. தனியாக டீ குடித்தது மட்டும் நிஜம்.

உன்னவன்