நம் கடைமேல் ஒட்டிய பச்சைப் பொட்டு

யாருக்கும் வாய் அடங்காத என் அண்ணனுக்கு,

நீ போன பிறகு நம் சாலை பஜாரில் நடந்த கூத்தைக் கேள். தெருவின் எதிர்காலத்தை அரசாங்கத்தார் நம்மிடமே கேட்டுத் திட்டம் போடப் போகிறார்களாம். கேட்க அவர்கள் பிடித்த இடம் தம்பானூரில் ஒரு ஏசி ஓட்டல். அதுவும் வியாபாரம் சூடுபிடிக்கிற காலை நேரத்தில்.

உன் இரும்புக்கடையை இப்போது நான்தான் நடத்துகிறேன். அதனால் போனேன். சுவர் நிறைய நம் தெருவின் வரைபடம். ஆளுக்குக் கொஞ்சம் பச்சைப் பொட்டு கொடுத்தார்கள். எங்கே மாற்றம் வேண்டுமோ அங்கே ஒட்ட வேண்டுமாம். அதையும் ஆங்கிலத்தில் கடகடவென்று சொல்லிவிட்டு, திட்டம் போட்டுக் கொடுக்க வந்த கம்பெனிக்காரப் பெண் போனைப் பார்க்கப் போய்விட்டாள்.

நம் ஆட்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பஸ் சீட்டில் துண்டு போடுவதுபோல அவரவர் கடையைத் தேடி ஒட்டினார்கள்! அரிசிக்கடை ஆறுமுகம் அண்ணாச்சி என்னையும் விடவில்லை.

"ஏ பிள்ளே, ஒங்க அண்ணன் கடையில சீக்கிரம் ஒட்டு. இல்லேன்னா ஆளில்லாத கடைன்னு எழுதிருவானுவ."

ஒட்டினேன்.

சாப்பாடு முடிந்ததும் அதிகாரி எழுந்தார். கடைகள் இருக்கும் வரிசையில் நடைபாதையும் காபிக்கடைகளும் வருமாம். "நிங்ஙள் தன்னெ சம்மதிச்சதல்லே? நோக்கிக்கே, முழுவன் பச்சை!" என்று, நாமே சம்மதித்துவிட்டதாக மலையாளத்தில் சொல்லி, வரைபடத்தைக் காட்டிப் பூரித்தார்.

"எங்க கடையை இடிக்கச் சொல்லி நாங்களே ஒட்டுவோமா சாரே?" என்றேன்.

"சேச்சி, அபிப்ராயம் எல்லாம் ரெக்கார்டாயி."

அந்தப் படிப்புக்கு ஒரு பெரிய கும்பிடு. ஆணி விற்கிறவள் தன் கடையைத் தானே இடிக்கச் சொல்வாள் என்று நம்ப எவ்வளவு படிக்க வேண்டியிருக்கிறது!

நம்மவர்களும் சளைத்தவர்களா? உள்ளே அவர்கள் குரல் உயர்ந்தது பாயசம் தீர்ந்துபோனதற்கு மட்டும்தான். வெளியே தெருவுக்கு வந்த பிறகுதான் மீசை முறுக்கினார்கள். நீ இருந்திருந்தால் பேசியிருப்பாயா, இல்லை நீயும் பாயசம் கேட்டிருப்பாயா?

நான் மட்டும் வெளியேறும் முன் நேராக வரைபடத்திடம் போய் நம் பொட்டை நகத்தால் சுரண்டினேன். காகிதமும் சேர்ந்து கிழிந்து வந்துவிட்டது. அதிகாரி பதறிப்போனார், அண்ணே. கடைக்காக அல்ல, படத்துக்காக.

அந்தத் துண்டை உன் கல்லாவுக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறேன். அடுத்த கூட்டத்தை எங்கே வைத்தாலும் போவேன், முன்வரிசையில் உட்காருவேன், சோறு போடுவதற்கு முன்பே பேசுவேன். உன் கடையை இன்னொரு முறை என் கையாலேயே கொடுக்க மாட்டேன்.

சாவியை இடுப்பில் செருகியிருக்கும்
உன் தங்கை