இமையில் ஏறிய ஊதா

மார்ச் 3
பிள்ளைகளோடு வகுப்பில் தரையில் உட்கார்ந்து கதை சொன்னேன். எழ முடியவில்லை. குட்டி நாற்காலியைப் பிடித்துத்தான் எழுந்தேன். "டீச்சர் பாட்டி ஆயிட்டாங்க!" என்றது ஒரு வாண்டு. நானும் சேர்ந்து சிரித்து வைத்தேன்.

மார்ச் 19
தலைவாரக் கை உயரவில்லை. வீட்டுக்காரர் வாரிவிட்டார். வகிடு கோணல்.

ஏப்ரல் 6
இமை இரண்டும் வீங்கி ஊதாவாகிவிட்டன. விரல் முட்டிகளில் சிவப்புத் தடிப்பு. மருந்துக்கடைக்காரர் அலர்ஜி என்று களிம்பு தந்திருக்கிறார்.

இன்று தலைமையாசிரியை கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார்: "வீட்ல ஏதாச்சும் பிரச்சனையா? மறைக்காம சொல்லுங்க."

புரிந்ததும் சிரிப்புதான் வந்தது. வீட்டுக்காரர் அடிக்கிறாரா? கரப்பான்பூச்சியைக்கூடக் காகிதத்தில் ஏந்தி வெளியே விடுகிற மனுஷன்!

வீட்டில் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

ஏப்ரல் 20
என்னோடு கடைக்கு வரமாட்டேன் என்கிறார். "எல்லாரும் என்னையே பாக்குறாங்க." கறுப்புக் கண்ணாடி போட்டுப் பார்த்தேன். அது இன்னும் மோசம்.

மே 2
தண்ணீர் குடித்தாலே புரையேறுகிறது. அவர்தான் பிடிவாதமாகத் தோல் டாக்டரிடம் கூட்டிப்போனார். டாக்டரம்மா அவரை வெளியே இருக்கச் சொன்னார். சரிதான், இவங்களுமா?

"யாராச்சும் அடிக்கிறாங்களா?"

"சத்தியமா இல்ல டாக்டர்."

இமையைப் பார்த்தார். விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கையைக் கட்டிக்கிட்டு நாற்காலிலேர்ந்து எழுந்திருங்க பாப்போம்."

முடியவில்லை. மறுபடியும் முயன்றேன். ஊஹூம்.

அவரை உள்ளே கூப்பிட்டார். "இது அடிபட்ட காயமில்ல. தோலையும் தசையையும் சேத்துத் தாக்குற நோயா இருக்கும்னு நினைக்கிறேன். உடம்போட எதிர்ப்புச் சக்தியே தன் தசைய எதிரின்னு நெனச்சுக்குது."

அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதி. அடுத்த நிமிடம், நிம்மதிப்பட்டதற்கே கூசிப்போய்த் தலையைக் குனிந்துகொண்டு அழுதார்.

மே 12
ரத்தப் பரிசோதனை, தொடையிலிருந்து எடுத்த தசைத் துணுக்கு, இரண்டும் உறுதி செய்துவிட்டன. டெர்மடோமயோசைடிஸ். வாயில் நுழையாத பேர். ஸ்டீராய்டு ஆரம்பித்தாயிற்று. இதற்குப் பின்னால் புற்றுநோய் ஒளிந்திருக்கலாமாம், தேடிப் பாக்கணுமாம். ஐயோ, இதுவும் வேறயா? நான் என்ன பண்ணினேன்?

மே 24
ஸ்கேனில் எதுவும் இல்லை. இப்போதைக்கு.

செப்டம்பர் 15
மாத்திரையைக் குறைக்கிறார்கள். முகம் மட்டும் பன் மாதிரி உப்பியிருக்கிறது.

துணி காயப்போட்டுக்கொண்டே, ஈரத்துண்டைக் கட்டிலில் போட்டதற்காக அவரைத் திட்டினேன்.

"இப்பத்தான போட்டேன்? அதுக்குள்ள என்ன குடி முழுகிப்போச்சு?" என்று அவரும் கத்தினார். ஜன்னல் திறந்திருந்தது. தெருவுக்கே கேட்டிருக்கும். இத்தனை மாதமாக என்னிடம் குரலை உயர்த்தவே பயந்த மனுஷன்!

நானும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசித் துணியையும் கொடியில் போட்டுவிட்டுத்தான் கையை இறக்கினேன்.