எட்டு மணிக்கு அணையும் கணினி

21 அக்டோபர் 2024, திங்கள்

இன்றும் அணைந்தது. கோட்டையின் வடக்கு வாசல் உடைந்து எதிரிகள் உள்ளே இறங்கிவிட்டார்கள். "எஸ்தர், நீ ஏணியத் தள்ளு, மிச்சத்த நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லி முடிக்கவில்லை, திரை கறுத்தது. கணினி கேபினட்டின் இரைச்சல் நின்றது. கறுத்த திரையில் என் முகம் மட்டும், தலைமேல் துப்பட்டாவும் ஹெட்செட்டுமாக, வாய் பாதி திறந்து.

ஆயுத பூஜை விடுமுறைக்குப் பிறகு தினமும் இப்படித்தான். மற்ற நேரத்தில் அதற்கு ஒரு குறையும் இல்லை. குரூப் டூ பாடங்களைத் திறந்தால் மணிக்கணக்கில் ஒழுக்கமாக ஓடுகிறது. சோழர் ஆட்சிமுறை, ஐந்தாண்டுத் திட்டம், எல்லாவற்றையும் பொறுமையாகக் காட்டுகிறது. விளையாட்டைத் திறந்தால்தான் சாகிறது. அப்பாவே உள்ளே உட்கார்ந்து இயக்குவதுபோல் இருக்கிறது.

அப்பாவுக்கு விளையாட்டு தெரியாது. அரசுத் தேர்வுக்கு என்று சொல்லித்தான் வாங்கிக்கொடுத்தார். எட்டு மணிக்கு நான் கதவைச் சாத்தினால், பெண் படிக்கிறாள் என்று அம்மா சீரியல் சத்தத்தைக் குறைத்துவிடுகிறாள். அந்த நல்ல மனம்தான் என்னைக் கொல்கிறது. அதனால் துப்பட்டாவுக்குள் கிசுகிசுப்பாகப் போர் நடத்துகிறேன்.

23 அக்டோபர், புதன்

குழுவில் என் பெயரை 'மின்வெட்டு' என்று மாற்றிவிட்டார்கள்.

நாங்கள் நான்கு பேர். வேலூரில் நர்ஸிங் படிக்கும் எஸ்தர், வாலாஜாபாத்தில் அரிசி மண்டி வைத்திருக்கும் வேலாயுதம், எங்கேயோ கோவைப் பக்கம் சாமுவேல், நான். ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. நான் வேலை பார்க்கும் நூலகத்தில் பகல் முழுக்க "ரெண்டு புத்தகம்தான் எடுக்கலாம்", "கையெழுத்துப் போடுங்க" என்ற இரண்டு வாக்கியங்களில் பிழைக்கிறேன். வீட்டில் அதுகூட இல்லை. எட்டு மணிக்குத்தான் பேசவே தொடங்குகிறேன். யார் எங்கே நிற்க வேண்டும் என்று சொல்வது நான்தான். என் கிசுகிசுப்பைக் கேட்டு, அக்கா எதற்கும் பதறவே மாட்டாங்க என்று வேலாயுதம் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறான். வீட்டுக்குப் பயந்து மெதுவாகப் பேசுவது நிதானமாகிவிட்டது.

இன்று எஸ்தர் கேட்டாள்: "அக்கா, நம்ம தோக்கப் போறப்ப மட்டும் உங்க வீட்ல கரண்ட் போவுதே, அது எப்டிக்கா?"

கரண்ட் போகவில்லை என்று சொன்னேன். பின்னால் பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் வேறு தெளிவாகக் கேட்டுக்கொண்டிருந்தது. ஓடிப்போகிறவள் என்று நினைக்கிறார்களா? நினைத்தால் என்ன செய்வது?

25 அக்டோபர், வெள்ளி

இணையத்தில் சொன்னபடி டிரைவர் மென்பொருள்களைப் புதுப்பித்தேன். அணைந்தது.

27 அக்டோபர், ஞாயிறு

மூடியைக் கழற்றி உள்ளே பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். ஏப்ரல் வெயிலில் பக்கவாட்டு மூடியைத் திறந்தே வைக்கச் சொன்னது கணினி விற்ற கடையின் அஜித். பாதி ஆண்டு அது திறந்தேதான் கிடந்தது. இப்போது மூடியிருக்கிறது. மூடியது மட்டுமா, திருகாணிகள் அசையவே இல்லை. உள்ளங்கை சிவந்ததுதான் மிச்சம். நீயா முடுக்கினாய் என்று அம்மாவைக் கேட்டேன். நான் எதுக்கு அதைத் தொடறேன், ஷாக் அடிக்கும் என்றாள்.

கேபினட்டின் நெற்றியில் ஆயுத பூஜைச் சந்தனம் இன்னும் இருக்கிறது. தானாக உதிரும்வரை துடைக்கக் கூடாது என்பது அப்பாவின் சட்டம். இன்னொரு சட்டம், சுற்றுகிற எதையும் பொட்டில்லாமல் விடக் கூடாது. மாவு மில் வைத்திருப்பவருக்கு அது நியாயம்தான். மோட்டார், பெல்ட் சக்கரம், எல்லாவற்றுக்கும் பொட்டு. வீட்டுக்கு வந்தால் மிக்சி, தையல் மெஷின், டேபிள் ஃபேன். என் ஸ்கூட்டியின் பின்சக்கரம்வரை குனிந்து வைத்தார்.

31 அக்டோபர், வியாழன்

தீபாவளி. வாசலிலும் வெடி, திரையிலும் வெடி. திரை மட்டும் அணைந்தது.

5 நவம்பர், செவ்வாய்

நேற்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். உண்மையை அல்ல. மாதிரித் தேர்வு எழுதும்போது கணினி அணைந்துவிடுகிறது என்றேன். அவருக்குத் தோசை இறங்கவில்லை. இன்று காலையிலேயே அஜித்தைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்.

எப்போது அணைகிறது என்று அஜித் கேட்டான். அப்பா பக்கத்தில் நிற்கிறார். டெஸ்ட் எழுதும்போது என்றேன். என்ன டெஸ்ட் என்றான். குரூப் டூ என்றேன். கேபினட்டைத் தட்டிக்கொடுத்தான்.

"எனக்கும் அது தாங்கலக்கா. ரெண்டு வாட்டி எழுதிட்டேன்."

மாதிரித் தேர்வை ஓடவிட்டு, டீ குடித்து, இன்னொரு டீ குடித்துப் பார்த்தான். கணினி புன்னகைக்காத குறையாக ஓடியது. மூடியைத் திறக்க முயன்றான். திருகாணி மசியவில்லை. அப்படியானால் இது சாஃப்ட்வேர் கோளாறுதான் என்று முடிவுக்கு வந்து, மொத்தத்தையும் அழித்து விண்டோஸை மறுபடி ஏற்றினான். நான் சேர்த்து வைத்திருந்த பாடக்குறிப்புகள் எல்லாம் போயின. விளையாட்டு ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்துவிட்டது.

பெரிய இழப்பில்லை என்று எழுதலாமா? எழுதிவிட்டேன்.

எட்டேகாலுக்கு அணைந்தது.

7 நவம்பர், வியாழன்

தன் மகளைத் தேர்வெழுத விடாமல் ஒரு கணினி தடுக்கிறது என்று அப்பா மில்லுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறார். முசரவாக்கத்திலிருந்து அரிசி அரைக்க வந்த பூவம்மாள், "பொண்ணு கலெக்டர் ஆயிடுமோன்னு எவ கண்ணோ பட்டுக்கீதுபா" என்றாராம். கேபினட்டின் முன்னால் எலுமிச்சம்பழமும் பச்சைமிளகாயும் தொங்குகின்றன. பவர் பட்டனை அழுத்த மிளகாயை ஒதுக்க வேண்டியிருக்கிறது. அதே விரலால் கண்ணைத் தேய்த்துக்கொண்டேன். கண் திருஷ்டி என்றால் இதுதான் போல.

10 நவம்பர், ஞாயிறு

எலுமிச்சையைச் சோதிக்க வேண்டும் என்று அப்பா முழு மாதிரித் தேர்வு எழுதச் சொன்னார். பின்னால் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டார். அசையாமல் எழுதினேன். கணினியும் அசையாமல் இருந்தது. முடிந்ததும் அப்பா எழுந்து, மூட்டை அச்சு பதிந்த வேட்டியோடு, பழத்தைத் தொட்டுக் கும்பிட்டார். மதிப்பெண்ணைக் கேட்கவில்லை. நல்லவேளை.

எட்டு மணிக்கு வடக்கு வாசல் உடைந்தது. பழம் ஆடாமல் தொங்கிக்கொண்டிருந்தது. நான் இருட்டில் இருந்தேன்.

12 நவம்பர், செவ்வாய்

சாமுவேல் நேராகச் சொல்லிவிட்டான். வரும் ஞாயிறு போட்டி. முதல்முறையாகப் பெயர் கொடுத்திருக்கிறோம். சனிக்கிழமைக்குள் என் கணினி சரியாகவில்லையென்றால் அவன் நண்பன் ஒருவனைச் சேர்த்துக்கொள்வார்களாம். கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. "புரியுதுல்லக்கா" என்று கெஞ்சினான்.

புரிகிறது. அந்த இடம் போனால் நான் எங்கே பேசுவேன்?

14 நவம்பர், வியாழன்

படித்த துப்பறியும் கதைகளிலெல்லாம், விசாரிப்பவர் முதலில் யார் பொய் சொல்கிறார்கள் என்று தேடுவார். நான் பொய்யைச் சொல்லிவிட்டு விசாரித்துக்கொண்டிருக்கிறேன். நோயாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு காது வலிக்கிறது என்றால் எந்த டாக்டர்தான் என்ன செய்வார்?

மதியம் நூலகத்தின் பின்பக்கம் போய் அஜித்துக்கு போன் செய்தேன். விளையாடும்போது அணைகிறது என்று சொன்னேன். வீட்டில் சொல்லாதே என்றேன். நீண்ட பெருமூச்சு கேட்டது. "இத மொதல்லயே சொல்லிருந்தா நான் அந்த ரெண்டாவது டீ குடிச்சிருக்க மாட்டேன்க்கா." சனிக்கிழமை இரண்டு மணிக்கு வருகிறான். அப்பா அப்போது மில்லில் இருப்பார்.

16 நவம்பர், சனி

அப்பா மில்லில் இல்லை. பெல்ட் அறுந்துவிட்டதென்று சாப்பாட்டுக்கு வந்தவர் வீட்டிலேயே இருந்தார். அஜித் வந்தான், உட்கார்ந்தான், ஊருக்கே கேட்கும்படி சொன்னான்:

"கேமைப் போடுக்கா. லோடு ஏறினாத்தான் தெரியும்."

"இன்னா கேமு?" என்றார் அப்பா.

அஜித் எலுமிச்சம்பழத்தைப் பார்த்தான். அம்மா சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்து நின்றாள். துப்பட்டா போட்டுக்கொள்ளாமல் ஹெட்செட்டை மாட்டினேன். போட்டேன்.

மறுநாள் போட்டி என்பதால் மதியமே பயிற்சிக்கு எல்லோரும் ஏற்கெனவே உள்ளே இருந்தார்கள். முதலில் கிசுகிசுத்தேன். பிறகு வடக்கு வாசல் உடைந்தது. அதன்பின் பேசியது யார் என்று எனக்கே தெரியவில்லை.

"வேலு, எடத்த வுடாத! எஸ்தர், ஏணி! ஏணியத் தள்ளு! பின்னால எவன்டா அவன், சாமு, திரும்புடா—"

"அக்கா, உங்க வாய்ஸ் இப்டியாக்கா இருக்கும்?" என்று எஸ்தர் கேட்டது காதில் விழுந்தது. திரை அணைந்தது.

பக்கத்து வீட்டுத் தறியும் நின்றது. ஜன்னல் வழியாகக் காவேரி அக்கா எட்டிப் பார்த்து, இன்னா சண்டை என்று அம்மாவைக் கேட்டார். ஒன்றுமில்லை, தீபா படிக்கிறாள் என்றாள் அம்மா, பழக்கதோஷத்தில்.

நான் திரும்பவில்லை. அப்பா கிட்டே வந்தது தெரிந்தது.

"எஸ்தர் யாரு?"

"ஃபிரண்டுப்பா. வேலூர்."

"ஏணியத் தள்ளிச்சா?"

"தெர்லப்பா. அதுக்குள்ள அணைஞ்சிடுச்சி."

அப்பா குனிந்து கறுத்த திரையைப் பார்த்தார். "அதக்கூட தெரிஞ்சிக்க முடியலன்னா எப்டி?"

அஜித் மறுபடி திருகாணியோடு மல்லுக்கு நின்றான். "வுடு தம்பி, அது நான் முடுக்கினது" என்று சொல்லி, அப்பா போய் மில் ஸ்பேனரை எடுத்து வந்தார். நாலு திருப்பு. மூடி வந்தது.

உள்ளே, கணினியின் மூளைக்கு மேலே, காற்றடிக்க வேண்டிய சிறிய விசிறியின் நட்டநடுவில் ஒரு வடை அளவுக்குச் சந்தனம். அதன்மேல் குங்குமம். சந்தனம் வழிந்து இறக்கைகளுக்கு இடையில் இறங்கி சிமெண்ட்டாகக் காய்ந்திருந்தது. ஓரத்தில் ஒரு வாடிய சாமந்தி. அஜித் விரலால் தள்ளிப் பார்த்தான். அசையவில்லை. பாடம் படித்தால் சூடு கம்மியாம், தாங்கிக்கொள்ளுமாம். விளையாடினால் கொதித்துப்போய், உயிரைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே அணைந்துவிடுமாம்.

எல்லோரும் அப்பாவைப் பார்த்தோம்.

"தொறந்து கெடந்துச்சி. உள்ள ஒண்ணு சுத்திக்கினு இருந்துச்சி. சுத்துற பொருளுக்குப் பொட்டு வைக்காம எப்டிம்மா வுட்றது?" பிறகு, இன்னும் சின்னக் குரலில்: "கலையக்கூடாதுன்னுதான் மூடிட்டேன்."

முதலில் சிரித்தது அம்மா. கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "தெனம் கதவச் சாத்திக்கினு குசுகுசுன்னு பேசினியேடி. நான் எவனோ பையன்னு நெனச்சிக்கினு, என்னா சாதியோ என்னா வேலையோன்னு தூக்கமில்லாம கெடந்தேன்."

சந்தனத்தை எடுக்க அஜித் அப்பாவிடம் அனுமதி கேட்டான். வேறு யாரும் தொடக் கூடாதென்று அப்பாவே ஒரு பழைய டூத்பிரஷ்ஷால் சுரண்டினார். சுரண்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்:

"மில்லுல நான் கத்திக் கத்தி, அதனாலதான் நீ பேசறதே இல்லன்னு நெனச்சிக்கினு இருந்தேன். அப்டியே என் தொண்டைதாம்மா உனுக்கு."

பொய் சொன்னதற்குத் திட்டுவார் என்று காத்திருந்தேன். தேர்வை விடக் கூடாது என்றார். அடுத்த தடவை எதுவானாலும் சொல்லிவிட்டுச் செய் என்றார். அடுத்த தடவை தானும் கேட்டுவிட்டு வைப்பதாகச் சொன்னார். அவ்வளவுதான். எனக்கு ஏன் அழுகை வந்தது?

17 நவம்பர், ஞாயிறு

அணையவில்லை. கடைசிவரை அணையவில்லை.

முதல் சுற்றில் ஜெயித்தோம். எஸ்தர் ஏணியைத் தள்ளினாள். அப்பா மூட்டைமேலிருந்து எழுந்து நின்றுவிட்டார். இரண்டாம் சுற்றில் வடக்கு வாசல் உடைகிற நேரம் வாலாஜாபாத்தில் கரண்ட் போனது. வேலாயுதம் காணாமல் போனான். தோற்றோம். 'மின்வெட்டு' என்ற பெயரை அவனுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டேன்.

18 நவம்பர், திங்கள்

குரல் கட்டிவிட்டது. நூலகத்தில் ஒரு மாணவனிடம் "ரெண்டு புத்தகம்தான்" என்றேன். மூன்றாவதைக் கீழே போட்டுவிட்டான்.

1 அக்டோபர் 2025, புதன்

ஆயுத பூஜை. போன ஞாயிறுதான் குரூப் டூ எழுதினேன். பரவாயில்லை என்று தோன்றுகிறது. அப்பாவிடமும் அப்படியே சொன்னேன், கூட்டாமல் குறைக்காமல்.

சாயங்காலம் அவர் சந்தனக் கிண்ணத்தோடு அறைக்கு வந்தார். மிக்சி, டேபிள் ஃபேன் எல்லாம் முடிந்திருந்தது. கேபினட்டின் வெளிப்பக்கம் ஒரு பொட்டு. கேட்டுவிட்டு, ஹெட்செட்டில் ஒன்று. பிறகும் நகராமல் நின்றார். உள்ளே ஒன்று சுற்றுகிறதே, அதற்கு வைக்காமல் போவது மனசுக்கு ஒப்பவில்லை. எனக்கும் பாவமாக இருந்தது. ஆனால் மூடியைத் திறக்க மாட்டேன்.

"அப்ப அதோடத நீ வாங்கிக்கோ" என்று என் நெற்றியில் வைத்தார். தாராளமாக. மூக்குவரை வழிந்தது. துடைக்கவில்லை. சட்டம் இருக்கிறதே.

எட்டு மணிக்கு உட்கார்ந்தேன். கதவு திறந்துதான் இருந்தது. கூடத்தில் சீரியல் முழுச் சத்தத்தில் ஓடிக்கொண்டிருந்தது. வடக்கு வாசலில் நான் மும்முரமாக இருந்தபோது அங்கிருந்து அம்மாவின் குரல்:

"எடப்பக்கம் ஒருத்தன் ஏறிக்கினு இருக்கான் பாருடி."

ஏறிக்கொண்டுதான் இருந்தான்.