நாகையாவின் காலுக்காக எடுக்கும் காவடி

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
2-1-1935

சிரஞ்சீவி கார்த்திகேசுவுக்கு அப்பா ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே வீட்டில் எல்லாரும் நல்ல சுகம், அந்த எடின்பரோ குளிரில் நீயும் சுகமாயிருக்கப் பத்துமலை முருகன் துணையிருப்பான். உன் தம்பி நாகையா கால் முறிந்த செய்தியைப் படித்துவிட்டு, ஆராய்ச்சியை விட்டுக் கப்பலேறி வந்துவிடவா என்று பதறிக் கேட்டிருந்தாய். வேண்டாமப்பா, இருக்கிற இடத்தில் இருந்து வேலையைப் பார். ரயில்வே திடலில் பந்து விளையாடப் போய் முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாகப் போன அன்றைக்கே உன் பெரியம்மா பவுனம்மாள் உளுந்து மாவும் முட்டையும் குழைத்துக்கொண்டு கட்டுப்போட வந்துவிட்டாள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனா காலை வெட்டித்தான் அனுப்புவாங்க என்று தெருவே கேட்கும்படி சத்தம். எலும்பு எப்படி ஒட்டுகிறது என்று படிக்கவே என் மூத்த பிள்ளை சீமைக்குப் போயிருக்கிறான் என்று நான் ஒரே பிடியாக நின்றேன். முயலின் காலில் ஒரு தசைநாரை எடுத்து வேறு இடத்தில் தைத்து அது பிடிக்கிறதா என்று நீ பார்ப்பதையும் பெருமையாகச் சொன்னேன். மொசலுக்குத் தைக்கவா கப்பலேறிப் போனான் என்று கேட்டாள், நான் அதைக் காதில் வாங்காமல் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

ஆஸ்பத்திரியில் எலும்பை நேராக இழுத்து வைத்து மாவுக்கட்டுப் போட்டார்கள். போன வாரம் கட்டைப் பிரித்து எக்ஸ்ரே படம் பிடித்து டாக்டர் எனக்குக் காட்டினார். முறிந்த இடத்தைச் சுற்றி வெல்லப்பாகு உறைந்தாற்போலப் புது எலும்பு திரண்டிருக்கிறது, கோணல் துளியும் இல்லை. உன் அம்மா அந்தப் படத்தைக் கேட்டு வாங்கிச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைக்கவேண்டும் என்கிறாள். இப்போது கைத்தடி ஊன்றி வீட்டுக்குள் நடக்கிறான், சாப்பாடு முன்னைவிட இரண்டு பங்கு.

கால் முறிந்த அன்று, கத்தி படாமல் கால் கூடினால் இந்தத் தைப்பூசத்துக்கே அவன் பத்துமலையில் காவடி எடுப்பான் என்று உன் அம்மா வேண்டிக்கொண்டிருக்கிறாள். டாக்டரோ இன்னும் சில மாதம் படியே ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டார். அடுத்த வருஷம் எடுக்கட்டுமே என்றேன், கொடுத்த சாமிக்கு நாள் கடத்தச் சொல்றீங்களா என்று அழுதாள். பிள்ளைக்குப் பதில் தகப்பன் எடுத்தால் முருகன் வேண்டாம் என்பானா என்று சொல்லி விரதம் ஆரம்பித்துவிட்டேன்.

நீ என்ன நினைக்கிறாய் என்று தெரியும். முறிந்த எலும்பு தானே வளர்ந்து ஒட்டும், மூட்டுக்குள் தேய்ந்த குருத்தெலும்பு மறுபடி வளராது என்று எழுதியிருந்தாயே, அது யாரை நினைத்து எழுதியது என்று எனக்குப் புரியாதா. கூட்ஸ் வண்டியிலிருந்து இத்தனை வருஷம் குதித்து இறங்கிய கார்டு நான், என் வலது முட்டி எனக்குத் தெரியும். இனிமேல் பாரம் சுமந்து படியேறினால் கம்பு இல்லாமல் நடக்கமுடியாது என்று நீ கப்பலடியில் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னதும் மறக்கவில்லை. ஆனாலும் ஏறுவேன், மெதுவாக ஏறுவேன். உன் தம்பி நேராக நடக்கப்போகிறான், அதற்கு என் முட்டி போனால் போகட்டும் என்று மனசார இருக்கிறேன். இது உன் கைக்கு வரும்போது பூசம் முடிந்திருக்கும், தடுக்க நினைத்துத் தந்தி கிந்தி கொடுத்துக் காசைக் கரியாக்காதே.

வேளைக்குச் சாப்பிடு, நெஞ்சில் சளி கட்டவிடாதே. எல்லா நலமும் பெற்று, எடுத்த காரியத்தை முடித்து வா. ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். உன் கடிதத்தை நான் உரக்கப் படிக்க வீடே உட்கார்ந்து கேட்கும். எனக்கு வயசானதால் வந்த முட்டி வலி என்றுதான் உன் அம்மா நினைத்திருக்கிறாள். நீ கப்பலடியில் சொன்னது தெரிந்தால், தன் வேண்டுதல்தான் என்னை முடமாக்கியது என்று சாகிறவரை மருகுவாள். என்னைத் திட்டுவதாயிருந்தால் ஸ்டேஷன் விலாசத்துக்குத் தனியாக எழுதித் திட்டு. வீட்டுக் கடிதத்தில், அப்பா காவடி எடுத்தது சந்தோஷம் என்று ஒரு வரி போடு.

உன் அன்புள்ள அப்பா,
வேலாயுதம்