இன்று நோயாளி நான்

அம்மா,

சாப்பாடு அடுப்பு மேல் இருக்கிறது. இன்னொரு சாவி மேல்வீட்டு அக்காவிடம். பிரஷர் மாத்திரையைப் போட்டுக்கொண்ட பிறகுதான் டிவி.

நேற்று நீ ஆடியது கள்ளாட்டம். வெளிநாட்டு நர்ஸ் வேலைக்கான பேச்சுத் தேர்வுக்குப் பழகத்தான் நான் நர்ஸாகவும் நீ நோயாளியாகவும் நடிக்கிறோம். உனக்குக் கொடுத்த அட்டையில் என்ன இருந்தது? "மாத்திரை கசக்குது, வேண்டாம்." அவ்வளவுதான். நீயோ போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "எம் பொண்ணு வெளிநாடு போறா சிஸ்டர், அப்புறம் எனக்கு யாரு மாத்திரை எடுத்துத் தருவா?" என்றாய். நானும் புத்தகத்தில் உள்ளதை அப்படியே தமிழில், "உங்க கவலை எனக்குப் புரியுதும்மா" என்று கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்தவள்தான், சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை நீ.

அம்மாவாக இருக்கும்போது, "தாராளமா போய்ட்டு வாடி, எனக்கென்ன!" நோயாளியானதும் வேறு பேச்சு. நான் எதை நம்புவது?

என் வகுப்பில் பாதிப் பேர் பெட்டியே வாங்கிவிட்டார்கள். மீதிப் பேர் வாங்கிய பெட்டிக்குப் பூட்டும் தேடி அலைகிறார்கள். யாரைக் கேட்டாலும், "செம ஜாலி!" என்கிறார்கள். நானும் அதையேதான் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

இடம் போதவில்லை, ஓரத்தில் எழுதுகிறேன்: சாயங்காலம் நீ நர்ஸ், நான் நோயாளி. என் வியாதியை இப்போதே சொல்லிவிடுகிறேன். "போகவும் ஆசையா இருக்கு சிஸ்டர், அம்மாவை விட்டுட்டுப் போகவும் மனசு வரல."

உனக்கு அட்டை கிடையாது. "உங்க கவலை புரியுது" என்றால் ஃபெயில்.