உங்கள் கை பறித்த கர்னாச்சா

என் அருமை அண்ணா,

நீங்கள் போன எட்டாம் நாள் உங்கள் வீட்டில் நடந்ததை இங்குள்ள நம் ஆட்கள் வேறு விதமாகக் கதைக்கிறார்கள். அதனால்தான் எல்லாரும் படிக்கும்படி உங்களுக்கு எழுதுகிறேன். எழுதும்போதே முகம் சுடுகிறது.

பிலார் அண்ணியின் அப்பா ஸ்பெயினிலிருந்து கொண்டுவந்த போத்தல் உங்களுக்குத் தெரியும். உங்கள் கல்யாணத்துக்காக அங்கே போயிருந்த புரட்டாசியில், மொன்காயோ மலையடியில் அவருடைய தோட்டத்தில் நீங்களும் குனிந்து நின்று பறித்த கர்னாச்சா என்ற திராட்சைப் பழத்தின் சிவப்பு வைன் அது. "முழுக்கக் கல்லு, தண்ணியே இல்லை. பந்தல் இல்லாமல் கொடி முழங்காலளவு செடி மாதிரி நிக்குது. காத்து ஆளைத் தள்ளுது. ஆனா பழம் தேன்!" என்று வந்து சொன்னீர்கள். அதே பழத்தை இந்த நாட்டில் இனிப்புப் போர்ட் வைனாக்கிக் கெடுக்கிறார்கள் என்று கோபப்படுவீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை மாமனாரும் மருமகனுமாக அதைத் திறப்பதாக இருந்தது. வியாழக்கிழமை வேலைத்தலத்தில் உங்கள் நெஞ்சு நின்றுவிட்டது.

எட்டுச் செலவுக்கு, செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் படைப்போம் என்று அண்ணியிடம் நான்தான் சொன்னேன். அவருடைய அப்பா கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து, உங்கள் படத்தடியில், நண்டுக் கறிக்குப் பக்கத்தில் போத்தலைத் திறந்து வைத்தார்.

அப்போதுதான் என் கணவரின் பெரியப்பா வந்தார்.

"என்ன உது?"

"வைன், பெரியப்பா. அண்ணா தன்ர கையால பறிச்ச பழம்."

"உந்த வெள்ளைக்காரன் கொண்டுவந்ததையோ படைக்கிறியள்? ஆக்கள் வருகினம்."

போத்தலைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போனார். திரும்பி வந்து, தன் பையிலிருந்து ஒரு விஸ்கிப் போத்தலை எடுத்து அதே இடத்தில் வைத்தார். நீங்கள் விஸ்கி தொட்டதே இல்லை. குடிவகை படைப்பது நம் வழக்கம்தான் அண்ணா. அவருக்குக் குடி பிழையாகப் படவில்லை. வைத்த கைதான் பிழையாகப் பட்டது.

நான் குசினிக்கு ஓடினேன். வைன் முழுவதும் சிங்குக்குள் போய்க்கொண்டிருந்தது. போத்தல் சரிந்து கிடந்தது. பின்னால் அண்ணியின் அப்பா நின்றார். தன் மொழியில் மெதுவாக ஏதோ சொன்னார். அண்ணி அழுதபடி அதை எனக்கு மொழிபெயர்த்தார்: அறுப்பு முடிந்து ஒரு கிழமையாகியும் உங்கள் கையில் கறை போகவில்லையாம்.

போத்தலில் மிஞ்சிய மண்டியை அந்தக் கிழவர் ஒரு கிளாசில் வடித்துத் தந்தார். நான் விஸ்கியைத் தள்ளிவிட்டு அதைப் படைத்தேன்.

"எடு உதை!"

"எடுக்கமாட்டன். உங்கட விஸ்கியும் வெள்ளைக்காரன் வடிச்சதுதானே, பெரியப்பா?"

அவர் சாப்பிடாமல் எழும்பிப் போனார். வேறு சிலரும் போனார்கள். என் கணவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அதுகூடப் பரவாயில்லை. ஊர் திரும்பும்போது விமான நிலையத்தில் அந்தக் கிழவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "உங்கட வழக்கம் தெரியாமல் வைச்சிட்டன், மன்னிக்க வேணும்" என்றார். அதையும் அண்ணிதான் எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னார். மகனைப் போன்றவனைப் பறிகொடுத்தவர் நம்மிடம் மன்னிப்புக் கேட்டார், அண்ணா! வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த இந்த நாடு தோலைப் பார்க்காமல் நம்மை உள்ளே விடத் தொடங்கிச் சில வருசந்தான். அதற்குள் நாம் என்ன செய்தோம்? அவருடைய மொழியில் ஒரு சொல்கூடத் தெரியாமல் நான் ஊமை மாதிரி நின்றேன்.

இப்போது சனிக்கிழமைகளில் அண்ணியிடம் ஸ்பானிஷ் படிக்கிறேன். என் உச்சரிப்பைக் கேட்டுப் போன கிழமை சிரித்தார். நீங்கள் போன பிறகு அவர் சிரித்ததை அன்றுதான் கண்டேன். என் கணவரும் நேற்றுத் தானாகவே வாய் திறந்தார்: "அறுப்புக்கு நாங்களும் போவம். நானும் அவரைப் பார்க்க வேணும்."

வரும் புரட்டாசியில் போவோம், அண்ணா. "பிழை உங்களுடையதல்ல, எங்களுடையது" என்று அண்ணியின் அப்பாவிடம் அவர் மொழியிலேயே, அவர் முகத்தைப் பார்த்துச் சொல்வேன். பிறகு அவருக்குப் பக்கத்தில் குனிந்து நின்று பழம் பறிப்பேன். இது சத்தியம்.

உங்கள் கூடப்பிறந்த தங்கச்சி,
வசந்தி
ஹோம்புஷ், 1978